இடது கையைக் கொடுங்கள்

பள்ளி திறந்த பிறகு வரும் இரண்டாவது சனிக்கிழமை, மூன்றரை மணிக்கு, ஒன்றாம் வகுப்பு அறையில் பெற்றோர் கூட்டம் வைப்பேன். ஓசூர் சிப்காட்டில் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்தவர்களைக் கம்பெனி பஸ் இறக்கிவிட்டுப் போகும் நேரம் அது. செகண்ட் ஷிஃப்ட்காரர்களுக்கு மறுநாள் காலை பத்து மணிக்குத் தனியாக ஒரு கூட்டம். கழுத்தில் ஐடி கார்டைக் கழற்ற மறந்தபடி, டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் உட்காரும் குட்டி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். சிலர் தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். சிலர் வீட்டில் தெலுங்கு, சிலர் வீட்டில் கன்னடம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து லைன் வீடுகளில் குடியிருப்பவர்கள் இப்போது வருஷா வருஷம் கூடுகிறார்கள்.

வருகிறவர்களை வாசலிலேயே நின்று கை கொடுத்துக் கூப்பிடுவேன். இடது கையைத்தான் நீட்டுவேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பேரனைச் சேர்க்க வந்த பேரிகைப் பக்கத்து ஆயா ஒருவர் தன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "ஏன் கண்ணு, டீச்சரா இருந்துக்கிட்டு பீச்சாங்கைய நீட்டறியே!" என்றார். கோபமில்லை, நிஜமான வருத்தம். அவரை உட்காரவைத்துச் சொன்னேன்: உலகம் முழுக்கச் சாரணர்கள் இப்படித்தான் கை கொடுப்பார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் அசாந்தி மக்களிடமிருந்து இந்த வழக்கம் வந்ததாக ஒரு கதை உண்டு. போர்வீரன் கேடயத்தை இடது கையில் பிடித்திருப்பான். அந்தக் கையைக் கொடுக்க வேண்டுமென்றால் கேடயத்தைக் கீழே வைத்தாக வேண்டும். உன்னிடமிருந்து என்னைக் காத்துக்கொள்ளத் தேவையில்லை என்று சொல்கிற கை அது. ஆயா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, முந்தானையில் துடைத்துக்கொண்டு இடது கையை நீட்டினார்.

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. பதினோரு வருஷமாக எங்கள் பள்ளியில் குருளையர் பிரிவை நடத்துகிறேன். ஐந்திலிருந்து பத்து வயது வரையுள்ள ஆண்பிள்ளைகளுக்கான சாரணர் பிரிவு இது. ஆங்கிலத்தில் கப் என்பார்கள். அதே வயதுப் பெண்பிள்ளைகளுக்கு புல்புல்; தமிழில் நீலப்பறவையர் என்கிறோம். அதை என் சக ஆசிரியை பார்த்துக்கொள்கிறார். பத்து வயதானால் சாரணர், சாரணியர். அதன்பிறகு 25 வயது வரை திரிசாரணர், திரிசாரணியர். எல்கேஜி வயதுக் குழந்தைகளுக்கும் ஒரு பிரிவு இருக்கிறது, பன்னி என்று பெயர். ஆங்கிலத்தில் முயல்குட்டி. இதைக் கேட்டதும் நம் ஊரில் முகம் சுளிக்காத அம்மா இல்லை. "எம்புள்ளைய பன்னின்னு கூப்புடுவீங்களா மிஸ்?" என்று கேட்டவர்கள் நிறைய.

அப்போது நான் தொல்காப்பியத்தைத் துணைக்கு அழைப்பேன். எந்த விலங்கின் குட்டிக்கு எந்தப் பெயர் என்று மரபியலில் பட்டியல் இருக்கிறது. குருளை என்ற சொல்லுக்கு உரியவை நான்கு: நாய், பன்றி, புலி, முயல். பன்றியும் முயலும் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஆங்கிலேயர்கள் ஓநாய்க் குட்டி என்று வைத்த பெயருக்கு இந்தப் பழைய தமிழ்ச் சொல்லைத் தேடி எடுத்து வைத்தவர் யாரோ, தமிழ் நன்கு அறிந்தவர்.

ஓநாய்க் குட்டி எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். பேடன் பவல் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சுமார் 20 பையன்களை அழைத்துப்போய் ஒரு வாரத்துக்குமேல் முகாம் நடத்தினார். சாரணர் இயக்கம் தொடங்கியது அங்கேதான். பெரிய பையன்கள் கயிறும் தடியுமாகக் கிளம்பியதைப் பார்த்து அவர்களுடைய தம்பிகள் விடவில்லை, நாங்களும் வருவோம் என்று பின்னாலேயே வந்தார்கள். அவர்களுக்கென்று 1916-ல் தனிப் பிரிவு தொடங்கினார். சின்னப் பிள்ளைகளை டிரில் செய்யவைத்தால் ஓடிவிடுவார்கள், கதைக்குள் இழுத்தால் ஒட்டிக்கொள்வார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பம்பாயில் பிறந்த கிப்ளிங்கின் ஜங்கிள் புக் கதையை எடுத்துக்கொண்டார். மௌக்ளி, கரடி பாலு, கருஞ்சிறுத்தை பகீரா, ஓநாய்த் தலைவன் அகேலா எல்லாம் நம் நாட்டுக் காட்டுப் பாத்திரங்கள். லண்டனுக்குப் போய்த் திரும்பி வந்தவை. எங்கள் பிள்ளைகள் மற்ற நாளெல்லாம் என்னை மிஸ் என்பார்கள். சனிக்கிழமை மதியம் மட்டும் நான் அகேலா.

இந்தியாவின் முதல் சாரணர் படை 1909-ல் நமக்கு 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற பெங்களூரில் தொடங்கியது. ஆனால் இந்தியப் பிள்ளைகளை அதில் சேர்க்கவில்லை. அந்த அநியாயத்தைப் பொறுக்காமல் அன்னி பெசன்ட்டும் ஜார்ஜ் அருண்டேலும் சென்னையில் இந்தியப் பையன்களுக்குத் தனிச் சாரணர் அமைப்பு தொடங்கினார்கள். வடக்கே மதன் மோகன் மாளவியாவும் குன்ஸ்ருவும் தொடங்கினார்கள். விடுதலைக்குப் பிறகு பல அமைப்புகள் ஒன்றுசேர்ந்து 1950 நவம்பர் 7-ல் பாரத சாரணர் இயக்கம் உருவானது. அடுத்த ஆண்டு சாரணியரும் இணைந்தார்கள். இன்று உங்கள் பிள்ளையின் சட்டையில் குத்துகிற பேட்ஜ் பாரத சாரண சாரணியர் இயக்கத்தினுடையது. வேலி போட்டு நிறுத்தப்பட்டவர்கள் தங்களுக்கென்று கட்டியெழுப்பிய அமைப்புகளும் சேர்ந்து உருவானது இது என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வரலாறு சொல்லி முடித்ததும் ஒரு அப்பா கட்டாயம் கேட்பார்: "இதுல மார்க் வருமா மிஸ்? காலேஜ் சீட்டுக்கு உதவுமா?"

குருளையர் வயதில் மார்க் கிடையாது. முதல் படியிலிருந்து நாலாம் படி வரை ஏற வேண்டும், அதற்கு மேல் தங்க அம்பு என்று ஒரு விருது இருக்கிறது. பெரிய பிள்ளைகளானதும் மாநில விருது, குடியரசுத் தலைவர் விருது உண்டு. சான்றிதழைக் குறிவைத்து ஆறு வயதுப் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். அந்தப் பிள்ளைகள் ஒரு வருஷத்தில் சோர்ந்துபோய் நிற்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமை ஒன்றரை மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். முதலில் வட்டமாகக் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, ஓநாய்க் குட்டிகள்போல் எல்லோரும் சேர்ந்து ஊளையிடுவார்கள். தங்களால் முடிந்த அளவு செய்வோம் என்று அகேலாவுக்கு வாக்குக் கொடுக்கிற முறை அது. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டுகிற அண்ணன் ஆரம்பத்தில் பயந்து ஓடிவந்து எட்டிப் பார்த்தார். இப்போது சத்தம் கேட்டால் மணி மூன்று என்று தெரிந்துகொள்கிறார். பிறகு விளையாட்டு, முடிச்சு, கதை. கடைசியில் மைதானத்தைச் சுத்தம் செய்து கொடியை இறக்கிவிட்டு வீட்டுக்கு.

ஆறு ஆறு பேராகப் பிரித்து, ஒவ்வொரு அணிக்கும் ஒரு நிறப் பெயர் வைப்போம். நான்கு அணி, மொத்தம் 24 பிள்ளைகள். அதற்கு மேல் ஒரு பிரிவில் வைத்துக்கொள்வதில்லை. ஆறு பேருக்கு ஒரு தலைவன், அவனுக்கு சிக்ஸர் என்று பெயர். கிரிக்கெட்டை நினைத்துக்கொண்டு அந்தப் பட்டத்துக்கு அடித்துக்கொள்வார்கள். முதல் வருஷம் நான் நன்றாகப் படிக்கிற பையன்களையே சிக்ஸராக்கினேன். அது தவறு. வகுப்பில் முதலில் வருகிறவன் இங்கேயும் முதலில் என்றால், மற்றப் பிள்ளைகளுக்கு இந்த மைதானமும் இன்னொரு வகுப்பாகிவிடுகிறது. நாலைந்து மாதம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. இப்போது சின்னப் பிள்ளையின் ஷூவுக்குக் குனிகிற பையன் யார், தண்ணீர் பாட்டிலைக் கடைசியாகக் குடிக்கிறவன் யார் என்று பார்த்துப் பொறுப்புக் கொடுக்கிறேன்.

கிம் விளையாட்டு என்று ஒன்று உண்டு. இதுவும் கிப்ளிங்கின் நாவலிலிருந்து வந்தது. ஒரு தட்டில் பத்துப் பன்னிரண்டு பொருளை வைத்துத் துணியால் மூடியிருப்பேன். ஒரு நிமிஷம் திறந்து காட்டி மறுபடி மூடிவிடுவேன். எதையெல்லாம் பார்த்தீர்கள் என்று சொல்ல வேண்டும். என் தட்டில் நம் ஊர்ப் பொருட்கள்தான்: நட், வாஷர், ஸ்பிரிங், ஓடாத கைக்கடிகாரம், பாகலூர்த் தோட்டத்து ரோஜா, கொஞ்சம் ராகி, புளியங்கொட்டை, பஸ் டிக்கெட், ஊக்கு, ஒரே அளவில் இரண்டு போல்ட். போன செப்டம்பரில் ஏழு வயதுப் பையன் ஒருவன் பத்துப் பொருளில் ஆறுதான் சொன்னான். ஆனால் கடைசியில் கையைத் தூக்கி, "மிஸ், ரெண்டு போல்ட்ல ஒண்ணு த்ரெட் அடி வாங்கியிருக்கு" என்றான். துணியை எடுத்துப் பார்த்தேன். நிஜம். ஒன்றில் கடைசி இரண்டு மரை மழுங்கியிருந்தது, நானே கவனித்ததில்லை. அவன் அப்பா உதிரிபாகக் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறார். பரீட்சையில் இவனுக்கு எப்போதும் குறைந்த மார்க். அன்று மற்ற 23 பிள்ளைகளும் அந்தப் போல்ட்டை விரலால் தடவிப் பார்க்க வரிசையில் நின்றார்கள். பின்பு ஒடியாப் பையன் ஒருவன் தட்டில் இருந்ததையெல்லாம் தன் பாஷையில் சொல்லிக் காட்ட, மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள்.

முடிச்சு விஷயத்தில் எனக்கே பாடம் எடுத்தவர் ஒரு பெற்றோர். தொடக்கத்திலேயே ரீஃப் முடிச்சு கற்றுக்கொடுப்போம். வலது முனையை இடது மேல் போட்டு ஒரு சுற்று, பிறகு இடதை வலது மேல் போட்டு ஒரு சுற்று. இரண்டு முறையும் ஒரே பக்கமாகப் போட்டால் அது வழுக்கும் முடிச்சு. சரியாகப் போட்டால் தட்டையாகப் படியும், உறுத்தாது. அதனால்தான் காயத்துக்குக் கட்டுப் போட இது உகந்தது. அவிழ்ப்பதும் எளிது. அன்று மகனைக் கூட்டிப்போக வந்த லாரி லோடுமேன் ஒருவர் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "மிஸ், கோவிச்சுக்காதீங்க. இந்த முடிச்ச நம்பி லோடு கட்டினா கிருஷ்ணகிரி டோல்கேட் தாண்டறதுக்குள்ள சரக்கு ரோட்ல கெடக்கும்" என்றார். அவர் சொன்னது சரி. பாரம் கட்ட அந்த முடிச்சு ஆகாது. உள்ளே கூப்பிட்டேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து, கொடிக்கம்பத்தில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்து, தார்ப்பாய் கட்டும் விதத்தைக் காட்டினார். காய்த்துப்போன கை. அவர் மகன் யாரையும் பார்க்காமல் அப்பாவின் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான். அதன்பிறகு வாரவாரம் ஒரு பெற்றோரையாவது அழைக்கிறேன். ரோஜாத் தோட்டத்தில் கட்டுக் கட்டுகிற அம்மா வந்திருக்கிறார், டெய்லர் வந்திருக்கிறார், ஆம்புலன்ஸ் டிரைவர் வந்திருக்கிறார்.

இனி, எல்லோர் மனதிலும் இருந்தும் கேட்கத் தயங்குகிற விஷயத்தை நானே எடுத்துவிடுகிறேன். 2024 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு பள்ளியில் என்சிசி பெயரைச் சொல்லி நடந்த போலி முகாமில் மாணவிகளுக்கு நடந்த கொடுமையை நாம் மறக்கவில்லை. மறக்கவும் கூடாது. அந்த ஆண்டு என் பிரிவில் பாதிப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். பெற்றோரை நான் குறை சொல்லவில்லை. சீருடையும் விசிலும் இருந்தால் போதும், நல்லவர் என்று நம்பிவிடுகிற பழக்கம் நமக்கெல்லாம் இருந்தது. அதை உடைத்துக்கொள்ள வேண்டும், என் விஷயத்திலும்கூட.

அதனால் கேளுங்கள். சங்கடப்படாமல் கேளுங்கள். உங்கள் பள்ளியின் பிரிவு மாவட்டச் சாரணர் சங்கத்தில் பதிவாகியிருக்கிறதா, இந்த வருஷம் புதுப்பித்திருக்கிறார்களா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். நடத்துகிறவர் பயிற்சி பெற்றவரா என்று பாருங்கள். அடிப்படைப் பயிற்சி, மேல்நிலைப் பயிற்சி, அதற்கு மேல் ஹிமாலயன் உட் பேட்ஜ் என்று படிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ் உண்டு. என்னுடையதைக் கூட்டத்தில் மேசைமேலேயே வைத்துவிடுவேன். எந்த நேரத்திலும் ஒரு பிள்ளை ஒரே ஒரு பெரியவருடன் தனியாக இருக்கும்படி விடக்கூடாது. பெண்பிள்ளைகள் இருக்கும் இடத்தில் பெண் ஆசிரியர் இருந்தே ஆக வேண்டும். வெளியே அழைத்துப்போவதென்றால் எங்கே, எப்போது, யார் யார், எந்த வண்டி என்று எழுத்தில் வர வேண்டும், உங்கள் கையெழுத்தில்லாமல் பிள்ளை வண்டி ஏறக்கூடாது. முன்னறிவிப்பில்லாமல் நீங்கள் வந்து பார்க்கலாம் என்று சொல்லாத பிரிவில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். பிள்ளை போக மாட்டேன் என்று அழுதால், ஏன் என்று கேட்ட பிறகுதான் அனுப்ப வேண்டும். ஏதாவது தப்பாகத் தோன்றினால் 1098-க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை.

சின்னப் பிள்ளைகளை வாரக்கணக்கில் கூடாரத்தில் தங்கவைப்பதில்லை. காலையில் போய் மாலையில் திரும்புகிற சிற்றுலாதான். சந்திரசூடேஸ்வரர் மலை ஏறுவோம். கெலவரப்பள்ளி அணையில் பறவை பார்ப்போம். ராயக்கோட்டைக்கு ஒருமுறை போனோம். ராகி கதிர் முற்றும் காலத்திலிருந்து சில மாதங்கள் சானமாவு, தேன்கனிக்கோட்டைக் காட்டோரம் பக்கமே போக மாட்டோம். அந்த நாட்களில் கர்நாடகக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் இறங்கி வருவது உங்களுக்குத் தெரியும். அப்போது மைதானத்திலேயே யானைத் தடம், நாய்த் தடம், கோழித் தடம் என்று மணலில் வரைந்து விளையாடுவோம்.

பெரிய கூட்டத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குப் பொறுமை வேண்டும். 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறை சிப்காட் வளாகத்தில் வைரவிழா பெருந்திரளணி நடந்தது. நாடெங்குமிருந்து வந்த சாரணர்கள் கூடாரம் போட்டு ஒரு ஊரையே உண்டாக்கியிருந்தார்கள். ஜாம்போரி என்பதற்குப் பெருந்திரளணி என்று தமிழில் சொல்லும்போதே கூட்டத்தின் சத்தம் காதில் கேட்கிறது. அதெல்லாம் உங்கள் பிள்ளை வளர்ந்த பிறகு.

இப்போது உங்களிடம் எனக்கு இருக்கிற ஒரே குறை. குருளையருக்குத் தினமும் ஒரு நற்செயல் செய்ய வேண்டும் என்ற உறுதிமொழி உண்டு. செய்யும்வரை நினைவுக்காக ஸ்கார்ஃப் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வது பழைய வழக்கம். செய்ததை ஒரு நோட்டில் எழுதச் சொல்வேன். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கொண்டுவந்த நோட்டில் முப்பது நாளுக்கு முப்பது நற்செயல், வரிசையாக, அழகான கையெழுத்தில். முதியோருக்குச் சாலை கடக்க உதவினேன். மரக்கன்றுக்கு நீர் ஊற்றினேன். எல்லாம் அம்மாவின் கையெழுத்து. நடுவில் ஒரே ஒரு பக்கத்தின் ஓரத்தில், பென்சிலில், கோணல் மாணலாக: "பக்கத்து வூட்டு ஆயாக்கு தண்ணி புடிச்சி குடுத்தன்." அந்த அம்மா அதை ரப்பரால் அழிக்க முயன்றிருக்கிறார், சரியாக அழியவில்லை. அந்த ஒரு வரிக்கு மட்டும் கையெழுத்துப் போட்டேன்.

அந்த அம்மாவின் அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, தூங்காமல் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். நம் ஊரில் அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகிறார்கள், வீட்டில் இருக்கிற நேரம் குறைவு, இருக்கிற நேரத்தில் பிள்ளைக்கு எல்லாவற்றையும் செய்துகொடுத்துவிட வேண்டும் என்று தவிக்கிறார்கள். ஷூ லேஸ் கட்டுவதும் அவர்கள், சோறு ஊட்டுவதும் அவர்கள். மற்ற நேரத்துக்குப் போனைக் கொடுத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் அந்தப் பிள்ளையின் கைக்கு வேலையே இல்லாமல் போகிறது. ஆறு வயதுக் கைக்கு ஏதாவது செய்யக் கொடுத்து, அது தப்பாகச் செய்யும்வரை காத்திருந்து, மறுபடி செய்யவிடுகிற ஒன்றரை மணி நேரம்தான் நான் தரக்கூடியது. ஸ்கார்ஃபைத் தானே சுருட்டி வளையத்தில் நுழைக்க ஒரு பிள்ளைக்கு முதல் நாள் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரம் வேலிக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள்.

சேர்ப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம், அதைவிடப் பிள்ளையின் விருப்பம். எங்கள் பள்ளியில் இல்லாத பிள்ளைகள் தங்கள் பள்ளியில் பிரிவு இருக்கிறதா என்று கேட்கலாம். ரயில்வேக் குடும்பங்களுக்கும் கேந்திரிய வித்யாலயாக்களுக்கும் தனித்தனிக் கிளை உண்டு. சீருடையை முதல் வாரமே வாங்க வேண்டாம். இரண்டு மூன்று மாதம் வந்து, விதிகளைத் தெரிந்துகொண்டு, உறுதிமொழி எடுக்கும் நாளுக்கு இருந்தால் போதும். வசதியில்லாதவர்கள் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள். பெரிய வகுப்புக்குப் போன பிள்ளைகளின் ஸ்கார்ஃபும் பெல்ட்டும் துவைத்து மடித்து அலமாரியில் இருக்கின்றன.

வரும் சனிக்கிழமை மூன்று மணிக்கு அனுப்புங்கள். தண்ணீர் பாட்டில், தொப்பி, ஒன்றரை மீட்டர் கயிறு. கடையில் வாங்க வேண்டாம், துணி காயப்போடும் கொடியில் மிச்சம் இருந்தால் அதுவே போதும். போன் வேண்டாம். பையைப் பிள்ளையே தூக்கி வரட்டும்.